மீன் கத்தியும் சோலிங்கன் முத்திரையும்

ஜெர்மனியின் சோலிங்கன் நகரம் கத்திகளுக்குப் பேர்போனது. அப்பெயருக்கு 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. தயாரிப்பின் முக்கியக் கட்டங்கள் அவ்வட்டாரத்திலேயே நடந்திருந்தால்தான் கத்தியில் பொறிக்கலாம். ஆனால் எந்தக் கத்தி எந்த வேலைக்கு என்பதை முத்திரை சொல்லாது.

அரிவாள்மனையில் நாம் மீனை முள்ளோடு துண்டு போடுகிறோம். ஃபில்லெட் வேறு சங்கதி. நடுமுள்ளை ஒட்டியே கத்தியை ஓட்டிச் சதையை முழுதாகப் பிரிக்க வேண்டும். அதற்கு 16 முதல் 20 செ.மீ. நீளத்தில், மெலிந்து வளைந்துகொடுக்கும் அலகு தேவை. வளையாத அலகு பாதிச் சதையை முள்ளிலேயே விட்டுவிடும்.

சோலிங்கன் கத்திகள் பலவற்றில் காணப்படும் 1.4116 என்ற எஃகில் கரிமம் சுமார் 0.5%, குரோமியம் சுமார் 15%. ராக்வெல் அளவில் கடினம் 55-58. ஜப்பானியக் கத்திகள் பல 60-ஐத் தாண்டும். கூர்மை நெடுநாள் நிற்கும், ஆனால் முள்ளில் இடறினால் விளிம்பு பெயர்ந்துவிடக்கூடும். ஈரக் கையில் வழுக்காத பிடியும் முக்கியம். பாத்திரம் கழுவும் எந்திரத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

மான், காட்டுப்பன்றி எலும்பு நீக்க 13-15 செ.மீ. விறைப்பான கத்தியே சரி. ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் மீன் கத்தியை வாங்குங்கள். மானைக் கசாப்புக்கடைக்காரரே எலும்பு நீக்கித் தருவார்.