எலியேசரின் இலத்திரன்

சேர்ன் ஆய்வுகூடத்தின் வட்டச் சுரங்கம் 27 கிலோமீற்றர் சுற்றளவு கொண்டது. அதன் ஒரு விளிம்பை மருதனார்மடம் சந்தியில் வைத்தால் மறுவிளிம்பு யாழ்ப்பாண நகருக்குக் கிட்ட வந்துவிடும். 1989 தொடக்கம் 2000 வரை அதற்குள் இலத்திரன்களைச் செக்கனுக்குப் பதினோராயிரம் சுற்றுக்கு மேல் ஓடவிட்டார்கள். கடைசிக் காலத்தில் சுற்றொன்றுக்குத் தம் சக்தியில் ஏறத்தாழ 3 சதவீதத்தை அவை கதிர்களாகக் கொட்டின. அந்த இழப்பை உடனுக்குடன் ஈடுசெய்யாவிட்டால் கற்றை நிலைக்காது.

ஆர்முடுகும் இலத்திரன் கதிர் வீசும் என்பது பழைய செய்தி. அந்த ஒளியை ஓர் ஆர்முடுக்கியில் முதன்முதலாகக் கண்ணால் கண்டது 1947இல், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தில். சரி, வீசிய கதிர் இலத்திரனின் ஓட்டத்தை எப்படிப் பாதிக்கிறது? இங்கேதான் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்த கிறிஸ்டி ஜெயரட்ணம் எலியேசர் வருகிறார்.

கேம்பிறிட்ஜில் அவருடைய ஆசான் பௌதிகவியலாளர் டிராக். கதிர் வீசும் இலத்திரனின் ஓட்டத்துக்கு 1938இல் டிராக் தந்த சமன்பாட்டில் ஒரு வில்லங்கம் இருந்தது: வெளிவிசை எதுவுமில்லாமலே இலத்திரன் தானாக வேகமெடுத்து ஒளிவேகத்தை நெருங்கலாம். மின்கட்டணம் இல்லாத ஆர்முடுக்கி! எலியேசர் அந்தச் சமன்பாட்டை ஐதரசன் அணுவில் பொருத்திப் பார்த்து 1943இல் வெளியிட்ட முடிவு இன்னும் விசித்திரம். புரோத்தனை நோக்கி நேரே போகும் இலத்திரன், அதைத் தொடுமுன் நின்று, திரும்பி, இழுக்கும் புரோத்தனை விட்டு மேலும் மேலும் வேகமாக ஓடுகிறது. ஆசானின் சமன்பாட்டில் மாணவர் கைவைத்த இடம் இது, துணிவான வேலைதான்.

1948இல் அவர் வேறொரு சமன்பாட்டை முன்வைத்தார். டிராக்கின் சமன்பாட்டில் இருந்த ஆர்முடுகலின் மாற்றத்துக்குப் பதிலாக வெளிவிசையின் மாற்றம் அதில் இடம்பெற்றது. தானாக ஓடும் நோய் நீங்கியது.

அடுத்த ஆண்டு கொழும்பில் கணிதப் பேராசிரியர், 1959இல் மலாயா, 1968இல் மெல்பேர்ணின் லா ட்ரோப் பல்கலைக்கழகம். அவுஸ்திரேலியத் தமிழர்களை அணிதிரட்டியவராகவே நம்மவர்கள் அவரை நினைக்கிறார்கள். 2001இல் அவர் மறைந்தபோது பலருக்கு அந்த முகம் மட்டுமே தெரிந்திருந்தது.

1991இல் ஃபோர்ட், ஓ'கொனல் என்ற இருவர் வேறு வழியால் எலியேசரின் 1948ஆம் ஆண்டுச் சமன்பாட்டின் அதே வடிவத்தை வந்தடைந்தனர். அதிவேக இலத்திரன்களை வலுமிக்க லேசரோடு மோதவிட்டு எந்தச் சமன்பாடு பொருந்துமென ஆராய்வோரின் கட்டுரைகளில் இன்று அந்த இருவரோடு எலியேசரின் பெயரும் சேர்ந்தே வருகிறது.

(தொடரும்)