வீட்டுக் கணினியில் பறப்பதும் விமானியாவதும்

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் ஒருவர், விமானியாவதற்கு உண்மையில் எவ்வளவு தூரம் நெருங்கியிருக்கிறார்? விமான நிறுவனங்களின் பயிற்சிக் கருவிக்கும் வீட்டுக் கருவிக்கும் உள்ள வேறுபாடு என்ன? பாரிஸிலிருந்து ஒரு கண்ணோட்டம்.

பிரான்ஸ் தலைநகர் பாரிஸில், தமிழர்களின் கடைகளும் உணவகங்களும் பயணச்சீட்டு முகவர் நிலையங்களும் நிறைந்த பகுதி லா சப்பல். அங்கிருந்து சில நிமிட நடைத் தொலைவில் கார் து நோர் ரயில் நிலையம் இருக்கிறது. அந்த நிலையத்தின் வழியாகச் செல்லும் பி தடப் புறநகர் ரயில், வடக்கே லே பூர்ஜேயைக் கடந்து, ருவாசியிலுள்ள சார்ல் து கோல் விமான நிலையத்தைச் சென்றடைகிறது. இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த தமிழர்கள் பலருக்கு பிரான்ஸ் முதலில் அறிமுகமானது இந்த விமான நிலையத்தில்தான்.

அவர்களுடைய பிள்ளைகளில் ஒருவர், இன்று தனது அறையில் கணினி முன் அமர்ந்தபடியே, அதே விமான நிலையத்தின் ஓடுபாதையில் ஏர்பஸ் விமானம் ஒன்றைத் தரையிறக்க முடியும். சிமுலேட்டர் எனப்படும் பறப்புப் பாவனை மென்பொருட்கள் அந்த அளவுக்கு வளர்ந்துவிட்டன. இதனைப் பார்க்கும் பெற்றோருக்கு இரண்டு விதமான எண்ணங்கள் எழுகின்றன. இது வெறும் கணினி விளையாட்டு என்பது ஒன்று. பிள்ளை பாதி விமானியாகிவிட்டது என்பது மற்றொன்று. இரண்டுமே முழு உண்மையல்ல.

பீப்பாயில் தொடங்கிய பயிற்சி

தரையில் இருந்தபடியே விமானம் ஓட்டக் கற்பிப்பது என்பது, விமானம் தோன்றிய சில ஆண்டுகளுக்குள் பிரான்ஸிலேயே முயன்று பார்க்கப்பட்ட ஒன்று. 1910ஆம் ஆண்டு வாக்கில் அந்துவனெத் என்ற பிரெஞ்சு விமான நிறுவனத்தின் பயிற்சிக் களத்தில், பாதியாக அறுக்கப்பட்ட பீப்பாய்களை ஒன்றின் மீது ஒன்றாகப் பொருத்தி, அதன்மேல் மாணவரை அமர்த்தினார்கள். உதவியாளர்கள் கழிகளைப் பிடித்துப் பீப்பாயைச் சாய்க்க, மாணவர் தன் கையிலுள்ள சக்கரங்களைத் திருப்பிச் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், தமது குடும்பத்தின் ஆர்கன் இசைக்கருவித் தொழிற்சாலையில் கற்ற காற்றுத் துருத்தித் தொழில்நுட்பத்தைக் கொண்டு, 1929ஆம் ஆண்டளவில் அசையும் பயிற்சிக் கருவி ஒன்றை உருவாக்கினார். தொடக்கத்தில் அதனைக் கேளிக்கைப் பூங்காக்களே வாங்கின. 1934ல் விமானத் தபால் சேவையில் ஈடுபடுத்தப்பட்ட அமெரிக்க இராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் உயிரிழந்ததை அடுத்தே, இராணுவம் அவரிடமிருந்து 6 கருவிகளை வாங்கியது. விளையாட்டுக் கருவிக்கும் பயிற்சிக் கருவிக்கும் இடையிலான உறவு அன்றே தொடங்கிவிட்டது.

வீட்டுக் கருவி தருவது என்ன?

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பறப்புப் பாவனை மென்பொருள் 1982ல் முதன்முதலில் வெளிவந்தபோது, நிலமும் ஓடுபாதையும் சில கோடுகளாகவே திரையில் தெரிந்தன. 2020ல் வெளியான பதிப்பு, செய்மதிப் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் திரைக்குக் கொண்டுவந்தது. அதனை உருவாக்கியது பிரான்ஸின் போர்தோ நகரிலுள்ள அசோபோ நிறுவனம். ஏர்பஸ் விமானத்தின் பக்கவாட்டுக் கட்டுப்பாட்டுக் கோலைப் போன்ற தோற்றமுடைய ஜாய்ஸ்டிக்கை ஏர்பஸ்ஸின் உரிமம் பெற்று விற்கும் த்ரஸ்ட்மாஸ்டர் வணிகப் பெயருக்குச் சொந்தமான நிறுவனமும் பிரான்ஸைச் சேர்ந்ததே.

இத்தகைய கருவியில் பழகுபவர் பல விடயங்களை உண்மையாகவே கற்றுக்கொள்கிறார். எந்தக் கருவி எதைக் காட்டுகிறது, எந்த வரிசையில் இயந்திரங்களை இயக்க வேண்டும், வானொலி வழிகாட்டிகளைப் பின்பற்றி ஓடுபாதையை எப்படி அணுகுவது, கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் எந்தச் சொற்களில் பேசுவது என்பன இவற்றில் அடங்கும். 2001ல் தொடங்கப்பட்ட வாட்சிம் என்ற இணைய வலையமைப்பில், தன்னார்வலர்களே விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களாகச் செயல்பட்டு, வீட்டில் பறப்பவர்களுக்கு வழிகாட்டுகிறார்கள்.

ஆனால் வீட்டில் கற்றவற்றுள் சிலவற்றைப் பின்னர் மறக்கவும் வேண்டியிருக்கும். வீட்டில் பழகிய மாணவர்கள், வெளியே அடிவானத்தைப் பார்ப்பதை விட்டு, கருவிகளின் முகப்பையே உற்று நோக்குவதாகவும், காலால் இயக்கும் சுக்கானைப் புறக்கணிப்பதாகவும் பயிற்றுநர்கள் கூறுவதுண்டு. திரையில் உடலுக்கு எந்த உணர்வும் கிடைப்பதில்லை. தவறு நேர்ந்தால் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். அந்தத் தவறு ஏன் நேர்ந்தது என்று கேட்பதற்கு அருகில் எவரும் இருப்பதில்லை.

தொழில்முறைக் கருவியின் உள்ளே

விமான நிறுவனங்கள் பயன்படுத்தும் உயர்தரப் பாவனைக் கருவிக்கு 'டி' தரம் என்று பெயர். ஒரு கோடி டாலர் அல்லது அதற்கும் கூடுதலாக விலையுள்ள இக்கருவி, ஆறு கால்களின் மீது நிற்கும் ஒரு பெரிய பெட்டி. உள்ளே இருப்பது குறிப்பிட்ட ஒரு வகை விமானத்தின் விமானி அறையின் முழுமையான பிரதி. இரு விமானிகளுக்கும் கிடைமட்டமாக 180 பாகையும் செங்குத்தாக 40 பாகையும் வெளிக்காட்சி தெரிய வேண்டும் என்பது ஐரோப்பிய விதி.

ஆறு கால்களும் நீண்டும் சுருங்கியும் பெட்டியை அசைக்கின்றன. விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது முதுகு இருக்கையில் அழுந்தும் உணர்வை உண்டாக்க, பெட்டி மெதுவாகப் பின்னோக்கிச் சாய்கிறது. வெளிக்காட்சி சாயாமல் இருப்பதால், மூளை அந்தச் சாய்வை வேகமாக எடுத்துக்கொள்கிறது. ஆக, கோடிக்கணக்கில் செலவிட்டு உருவாக்கப்பட்ட கருவியும் ஓர் ஏமாற்று வித்தையையே நம்பியிருக்கிறது.

ஆயினும் இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு படத்தின் அழகிலோ அசைவிலோ இல்லை. படத்தைப் பொறுத்தவரை, வீட்டுத் திரை சில வேளைகளில் பயிற்சிக் கூடத்தையும் மிஞ்சிவிடுகிறது. தொழில்முறைக் கருவியின் மதிப்பு இரண்டு விடயங்களில் தங்கியுள்ளது. முதலாவது, அதன் கணக்கீடுகள் உண்மையான விமானத்தைப் பறக்கவிட்டு எடுத்த அளவீடுகளோடு ஒப்பிடப்பட்டு, அரசுத் துறையால் குறித்த காலங்களில் மீண்டும் மீண்டும் சோதிக்கப்படுகின்றன. இரண்டாவது, விமானிகளுக்குப் பின்னால் ஒரு பயிற்றுநர் அமர்ந்திருக்கிறார். இயந்திரத்தில் தீ, திடீர்க் காற்று மாற்றம், கருவிக் கோளாறு என்று அவர் ஒவ்வொன்றாக ஏவுகிறார். இரு விமானிகளும் வேலையை எப்படிப் பகிர்ந்துகொண்டார்கள், ஒருவர் தவறியபோது மற்றவர் அதனைச் சொன்னாரா என்பதைக் குறித்துக்கொள்கிறார். கருவியை இடையில் நிறுத்தும் பொத்தான் இங்கும் உண்டு. ஆனால் அது அவர் கையில் இருக்கிறது.

ஏர் பிரான்ஸ் 447

அளவீடு இல்லாத இடத்தில் தொழில்முறைக் கருவியும் நம்பத்தக்கதல்ல என்பதை பாரிஸ் நகரம் பெரும் விலை கொடுத்து அறிந்தது. 2009ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி, ரியோ டி ஜெனிரோவிலிருந்து சார்ல் து கோல் விமான நிலையத்தை நோக்கி வந்துகொண்டிருந்த ஏர் பிரான்ஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ330 விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்தது. அதிலிருந்த 228 பேரும் உயிரிழந்தனர். கடலடியில் ஏறக்குறைய 3,900 மீட்டர் ஆழத்தில் கிடந்த பதிவுக் கருவிகள் 2011ல்தான் மீட்கப்பட்டன. லே பூர்ஜேயில் தலைமையகம் கொண்டுள்ள பிரெஞ்சு விபத்து விசாரணை அமைப்பான பெயா, தனது இறுதி அறிக்கையை 2012 ஜூலையில் வெளியிட்டது.

வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்ததால், வேக அளவுகள் பிழையாயின. தன்னியக்கக் கட்டுப்பாடு விலகிக்கொண்டது. கட்டுப்பாடு கைக்கு வந்தபோது விமானத்தின் மூக்கு மேல்நோக்கித் தூக்கப்பட்டது. விமானம் உயர்ந்து, வேகத்தை இழந்து, இறக்கைகள் தாங்கும் விசையை இழக்கும் 'ஸ்டால்' என்ற நிலைக்குச் சென்றது. எச்சரிக்கை ஒலி தொடர்ந்து 54 விநாடிகள் கேட்டது. தன்னியக்கக் கட்டுப்பாடு விலகியதிலிருந்து கடலில் மோதும் வரை சென்ற நேரம் நாலரை நிமிடத்துக்கும் குறைவு. விமானம் ஸ்டால் நிலையில் இருப்பதை விமானிகள் உணரவே இல்லை என்றது அறிக்கை.

அவர்கள் பயிற்சி பெறாதவர்கள் அல்லர். ஆனால் அதிக உயரத்தில் கையால் விமானத்தை ஓட்டுவதற்கும், அந்த உயரத்தில் வேக அளவுகள் பிழைக்கும்போது செய்ய வேண்டியவற்றுக்கும் துணை விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டிருக்கவில்லை. அன்றைய பாவனைக் கருவிகளிலும், முழுமையான ஸ்டால் நிலையில் விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கான நம்பகமான கணக்கீடுகள் இருக்கவில்லை. அசாதாரண நிலைமைகளைக் கருவிகள் மேலும் உண்மையாகக் காட்ட வேண்டும் என்றும், எதிர்பாராத அதிர்ச்சியைப் பயிற்சியில் சேர்க்க வேண்டும் என்றும் பெயா பரிந்துரைத்தது.

இதன் பின்னர் விதிகள் மாறின. முழு ஸ்டால் நிலையிலிருந்து மீளும் பயிற்சியைக் கட்டாயமாக்கும் விதியை அமெரிக்கா 2013ல் வெளியிட்டது. அதனை நிறைவேற்ற, கருவிகளைத் திருத்தியமைக்க வேண்டியிருந்ததால், விமான நிறுவனங்களுக்கு 2019 வரை அவகாசம் தரப்பட்டது. ஐரோப்பாவில் 2019 டிசம்பர் முதல், வணிக விமானியாகப் பயில்பவர்கள் கட்டுப்பாடிழந்த நிலையிலிருந்து மீளும் பயிற்சியைக் குறைந்தது 3 மணி நேரம் உண்மையான விமானத்திலேயே பெற வேண்டும். நீண்டு நிலைக்கும் புவியீர்ப்பு மாற்றங்களை ஆறு கால் கருவியால் தர முடியாது என்பதே இதற்கு முக்கிய காரணம்.

இந்தப் பாடம் அத்துடன் முடிந்துவிடவில்லை. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு போயிங் 737 மாக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் உயிரிழந்த பின்னர், அந்த விமானத்துக்கான பாவனைக் கருவிகளின் மென்பொருளில் திருத்தம் தேவைப்பட்டதை போயிங் நிறுவனம் 2019 மே மாதத்தில் ஒப்புக்கொண்டது.

சட்டத்தின் அளவுகோல்

வீட்டில் கழித்த மணி நேரங்களுக்குச் சட்டம் எவ்வளவு மதிப்புத் தருகிறது? ஐரோப்பிய விதிகளின்படி, தனியார் விமானி உரிமம் பெற 45 மணி நேரப் பயிற்சி தேவை. அதில் 5 மணி நேரத்தை மட்டுமே பாவனைக் கருவியில் செய்யலாம். அதுவும் அங்கீகரிக்கப்பட்ட கருவியாக, பயிற்றுநருடன் இருக்க வேண்டும். விமான நிறுவன விமானிக்கான உயர் உரிமத்துக்கு 1,500 மணி நேர அனுபவம் வேண்டும். அதில் பாவனைக் கருவிக்குரிய உச்ச வரம்பு 100 மணி நேரம். வீட்டு அறையில் ஆயிரம் மணி நேரம் பறந்திருந்தாலும், பறப்புப் பதிவேட்டில் அதன் மதிப்பு பூச்சியமே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கணினி அடிப்படையிலான கருவிகளை அமெரிக்கா 1997லேயே ஓரளவு ஏற்றுக்கொண்டது. மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான தகுதிப் பயிற்சியில், அங்கீகாரம் பெற்ற கருவியில் பயிற்றுநருடன் பழகும் 10 மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்கலாம் என்றது. ஒரு செயல்முறையை முதன்முதலாகக் கற்கும்போது விலை குறைந்த கருவியும் பயன் தரும் என்பதை இது ஏற்றுக்கொள்கிறது. மென்பொருள் அதேதான். அங்கீகாரமும் ஆசிரியரும் சேரும்போதே அது பயிற்சியாகிறது.

லா சப்பலிலிருந்து விமானி அறைக்கு

புலம்பெயர்ந்த குடும்பங்களைப் பொறுத்தவரை இது பணத்தோடும் தொடர்புடைய கேள்வி. தனியார் பயிற்சிப் பள்ளிகளில் விமானியாவதற்குப் பல பத்தாயிரம் யூரோக்கள் செலவாகும். கணினியில் நன்றாக ஓட்டுகிறான் என்பதை மட்டும் நம்பி, கடன் வாங்கி அந்தச் செலவில் இறங்குவது ஆபத்தானது. விலையுயர்ந்த ஜாய்ஸ்டிக்கும் திரையும் வாங்குவது அந்தக் கேள்விக்கு விடையாகாது.

பிரான்ஸில் செலவு குறைந்த முதற்படி ஒன்று இருக்கிறது. பி.ஐ.ஏ எனப்படும் விமானவியல் அறிமுகச் சான்றிதழ்த் தேர்வை, கல்வி அமைச்சு ஆண்டுதோறும் நடத்துகிறது. 13 வயது முதல் எழுதலாம். வானிலை, பறத்தலின் விதிகள், விமான அமைப்பு, வழிகாணலும் பாதுகாப்பும், விமான வரலாறு ஆகிய ஐந்து பாடங்கள். பல பள்ளிகளும் விமானக் கழகங்களும் இதற்கு வகுப்பு நடத்துகின்றன. வீட்டுக் கணினியில் பழகிய பிள்ளை, அந்த ஆர்வத்துக்கு உண்மையான பயன் காணும் இடம் இது. எஞ்சின் இல்லாத கிளைடர் விமானத்தில் 14 வயதிலேயே தனியாகப் பறக்க ஐரோப்பிய விதிகள் இடம் தருகின்றன. அங்கே, திரை ஒருபோதும் தராத காற்றின் அசைவை உடல் அறிகிறது. அதன் பின்னர், துலூஸ் நகரிலுள்ள அரசின் தேசிய சிவில் விமானக் கல்லூரியில் போட்டித் தேர்வின் வழியாகச் சேருபவர்களின் பயிற்சிச் செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. அந்தத் தேர்வு சோதிப்பது கணிதம், இயற்பியல், ஆங்கிலம் ஆகியவற்றில் உள்ள திறனை. கணினியில் பறந்த மணி நேரங்களை அது கேட்பதில்லை. கண், காது, இதயம் ஆகியவற்றுக்கான முதல்தர மருத்துவச் சோதனையில் தேறுவதும் கட்டாயம் என்பதால், பெரும் செலவுக்கு முன் அதனைச் செய்து பார்ப்பது நல்லது.

எனவே, வீட்டுக் கணினியை வெறும் விளையாட்டு என்று ஒதுக்கவும் வேண்டியதில்லை, அதனையே பயிற்சி என்று நம்பவும் வேண்டியதில்லை. விமானியாக வந்த பிறகும் அவர் வழக்கமாக ஆறு மாதங்களுக்கு ஒரு முறை பாவனைக் கருவிக்குள் சென்று, பயிற்றுநர் முன்னிலையில் தமது திறனை நிரூபித்தாக வேண்டும். ஓய்வு பெறும் வரை அந்தத் தேர்வு தொடர்கிறது. பயணிகளின் உயிருக்குப் பொறுப்பேற்பவரை ஒவ்வொரு முறையும் இன்னொருவர் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்பதே, வீட்டு அறையில் இல்லாததும் விமானப் பயணத்தின் பாதுகாப்புக்கு அடித்தளமாக இருப்பதும் ஆகும்.