மூன்றாவது எழுத்து லோரி

2001-இல் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்துக்கு நான் எழுதிக் கொடுத்த புரோகிராம் ஒரே ஒரு குறியால் படுத்தது. எஸ்க்யூஎல் சர்வர் 2000-இல் இருந்த பார்ட்டி லெட்ஜருக்குக் குவெரி போட்டு, வரும் வரிசைகளை எக்ஸ்எம்எல் கோப்பாக எழுதி ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டும். விபி 6-இல் ரெக்கார்ட்செட்டைத் திறந்தேன். லூப் போட்டு, ஒவ்வொரு ஃபீல்டுக்கும் முன்னும் பின்னும் டேக்கை ஒட்டி எழுதினேன். ஆடிட்டர் ஆபீசில் கோப்பு திறக்கவில்லை. தேடிப் பார்த்தால் ஒரு கடையின் பெயரில் ‘அண்டு’ வர வேண்டிய இடத்தில் கணக்கர் & என்று தட்டியிருந்தார். எக்ஸ்எம்எல்லில் அந்தக் குறிக்குத் தனி வேலை உண்டு. அதை மாற்றெழுத்தாக எழுதாவிட்டால் படிக்கும் மென்பொருள் அங்கேயே நின்றுவிடும். 1998 பிப்ரவரி 10 அன்று டபிள்யூ3சி வெளியிட்ட தரத்திலேயே இந்தக் கண்டிப்பு இருக்கிறது.

“தம்பி, கயிறு திரிக்கிற மாதிரி எழுத்தை ஒட்டாதே, டாம் வெச்சு எழுது” என்றார் எங்கள் சீனியர். எக்ஸ்எம்எல்லைக் கட்டித் தரும் கருவியான டாம் (DOM) அந்தக் குறிகளைத் தானே மாற்றிக்கொள்ளும். அதைவிடச் சுருக்கமாக, ஏடிஓ ரெக்கார்ட்செட்டை ஒரே வரியில் எக்ஸ்எம்எல்லாகச் சேமிக்கலாம். எஸ்க்யூஎல் சர்வர் 2000-இல் குவெரியின் கடைசியில் ‘ஃபார் எக்ஸ்எம்எல்’ சேர்த்தாலே போதும். 2002-இல் வந்த டாட்நெட்டில் ‘ரைட்எக்ஸ்எம்எல்’ இருந்தது. ‘ஃபார் எக்ஸ்எம்எல்’லின் ‘எக்ஸ்பிளிசிட்’ முறையில் ஒரு பில்லுக்குள் அதன் உருப்படிகளை அடுக்கப் பட்ட பாடு, எஸ்க்யூஎல் சர்வர் 2005 பதிப்பில் ‘பாத்’ வந்த பிறகுதான் தீர்ந்தது.

டேட்டாபேசும் டேக்கும் வேறு வேறு ஊர்க்காரர்கள் என்றே நான் நினைத்திருந்தேன். அது தவறு. 1969-இல் ஐபிஎம்மில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி மூவரும் ஆவணங்களுக்குக் குறியிட ஒரு மொழி செய்தார்கள். மூவரின் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளும் சேர்ந்தே அது ஜிஎம்எல். 1986-இல் ஐஎஸ்ஓ தரமான எஸ்ஜிஎம்எல் அதன் வாரிசு. அதைச் சுருக்கியதுதான் எக்ஸ்எம்எல். அதே லோரி 1970-களில் சான் ஹோசேயில், எஸ்க்யூஎல் பிறந்த சிஸ்டம் ஆர் குழுவிலும் இருந்தார். டேக் வம்சத்தின் தொடக்கத்திலும் குவெரி வம்சத்தின் தொடக்கத்திலும் ஒரே மனிதர்! 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கணினிக் கோப்பை நெடுங்காலம் கழித்தும் எப்படிப் படிப்பது என்பதையே அவர் ஆராய்ந்தார். நெதர்லாந்து தேசிய நூலகம் அந்த வேலையில் கூட்டாளி. அந்த மூன்றாவது எழுத்தை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான்.

எனக்கு அந்தக் கேள்வி தமிழில் வந்தது. அதே லெட்ஜரில் ஊர்ப் பெயர்களை டாப் எழுத்துருவில் தட்டியிருந்தார்கள். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற குறியாக்கம் அது. டேட்டாபேசுக்கு அது தமிழ் என்றே தெரியாது. புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகவே வைத்திருந்தது. கோப்பு பிழையின்றித் திறந்தது, ஆனால் அவிநாசியும் பல்லடமும் அதில் இல்லை. யூனிகோடில் 1991-இன் முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு, எக்ஸ்எம்எல்லும் யூனிகோடின் மேல்தான் நிற்கிறது. எழுத்துக்கு எழுத்து அட்டவணை போட்டு மாற்றிய பிறகுதான் அந்த ஊர்கள் திரும்பி வந்தன.

டாப்பில் தட்டிய லெட்ஜர்கள் இன்னும் பழைய சிபியூக்களில் கிடக்கின்றன. எடைக்குப் போடும் முன் ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றி எக்ஸ்எம்எல்லாக எடுத்துவிடுங்கள். ஃபீல்டு பெயர்களைச் சுருக்காமல் முழுசாக எழுதுங்கள். எழுதிய கோப்பை வேறொரு கணினியில் திறந்து, ஊர்ப் பெயர்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.