அந்த ஆறு டாலர் யாருக்கு?

மாடு கண்ணெதிரே எலும்பும் தோலுமாகிக்கொண்டிருக்கிறது. புல் இல்லை, தண்ணீர் இல்லை. விற்கலாம் என்று சந்தைக்கு ஓட்டிப்போனால் சீந்த ஆளில்லை. அந்த நேரத்தில் சர்க்காரே வாசலில் வந்து நின்று, 'மாட்டை நான் வாங்கிக்கறேன்' என்றால்?

1934ல் அமெரிக்காவில் அதுதான் நடந்தது.

ஓக்லஹோமா மாநிலத்தின் மேற்குக் கோடியில் சிமரான் என்றொரு கவுண்ட்டி. நம்மூர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனத்தொகைதான் ரொம்பக் கம்மி. முதல் உலகப் போர் சமயம் கோதுமைக்கு ஏக கிராக்கி. விடுவார்களா? காலம் காலமாகப் புல் மூடிக் கிடந்த சமவெளியை உழுது தள்ளினார்கள். 1930களில் விலையும் விழுந்தது, மழையும் பொய்த்தது. பிடித்துவைக்க வேர் இல்லாத மண், காற்றோடு கிளம்பிவிட்டது. அங்கே மட்டுமல்ல, டெக்ஸாஸ், கான்சாஸ் என்று சுற்றுவட்டாரம் முழுக்க இதே கதை.

1934 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றம் வறட்சி நிவாரணத்துக்கு 52.5 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் ஒரு பங்கு மாடு வாங்க. வறட்சி கடுமையாக இருந்த கவுண்ட்டிகளை அவசரப் பட்டியலில் சேர்த்தார்கள். கால்நடை மருத்துவர் மாட்டைப் பார்ப்பார். தேறும் என்றால் அது இறைச்சியாகி வேலையில்லாத குடும்பங்களுக்குப் போகும். தேறாது என்றால் சுட்டுப் புதைத்துவிட வேண்டியதுதான். ஆரம்பத்தில் பாதிக்கு மேல் தேறவில்லை என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வளர்த்தவன் பக்கத்தில் நின்று துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்க வேண்டும்.

சரி, காசுக்கு வருவோம். சுவாரஸ்யமே அங்கேதான்.

இரண்டு வயதுக்கு மேற்பட்ட மாடு என்றால் 12 முதல் 20 டாலர். ஆனால் இதை ஒரே தொகையாகக் கணக்கு எழுதவில்லை. இரண்டாகப் பிரித்தார்கள். மாட்டின் விலை 6 முதல் 14 டாலர். அதற்கு மேல் 'உதவித் தொகை' 6 டாலர்.

எதற்கு இந்தப் பிரிவினை? அன்றைக்குப் பெரும்பாலான மாடுகள் பேங்க்கில் அடமானத்தில் இருந்தன. மாட்டை விற்றால் பணம் யாருக்கு? கடன் கொடுத்தவனுக்கு. நிவாரணம் வலது கையில் வந்து இடது கை வழியாக பேங்க்குக்குப் போய்விடும். விவசாயி வீட்டில் உலை கொதிக்காது. அதனால்தான் அந்தப் பிரிவு. விலையில் பேங்க் உரிமை கேட்கலாம். அந்த ஆறு டாலர் மட்டும் விவசாயிக்கே. அதில் யாரும் கைவைக்கக் கூடாது!

1935 தொடக்கத்துக்குள் வாங்கிய மாடுகள் 80 லட்சத்துக்கும் மேல். ஆன செலவு 11 கோடி டாலருக்கும் மேல். திட்டத்தில் குறைகள் உண்டு. மாட்டையே நம்பியிருந்த குடும்பத்துக்கு ஆறு டாலர் எத்தனை நாளைக்கு? ஆனாலும், பணம் கடைசியில் எந்தக் கையில் போய் நிற்கும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

அதே அமெரிக்கா 2002, 2003ல் கால்நடை இழப்பீடு என்று 120 கோடி டாலர் கொடுத்தது. பேரிடர் பாதித்ததாக அறிவித்த கவுண்ட்டியில் மாடு வைத்திருந்தால் போதும். நஷ்டத்தை நிரூபிக்க வேண்டாம். 2003 பிப்ரவரியில் கொலம்பியா விண்கலம் சிதறி, துண்டுகள் டெக்ஸாஸில் விழுந்தன அல்லவா? அதற்காகப் போட்ட பேரிடர் அறிவிப்பைக் காட்டியும் மாட்டுக்காரர்கள் பணம் வாங்கினார்கள். 63 கோடி டாலருக்கு மேல், வறட்சி மிதமாக இருந்த அல்லது அறவே இல்லாத இடங்களுக்குப் போனதாக 'வாஷிங்டன் போஸ்ட்' 2006ல் கணக்குப் போட்டு எழுதியது.

முன்னே மாட்டைப் பார்த்துப் பணம் கொடுத்தார்கள். பின்னே மேப்பைப் பார்த்துக் கொடுத்தார்கள். நிவாரணத் தொகை எத்தனை கோடி என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். யார் பெயரில் செக், அதில் முதலில் கைவைப்பது யார் என்றும் கேட்டுப் பழகலாமே!