வெளியீட்டுக்குக் காத்திருக்கும் சரக்குப் பெட்டிகள்

கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் சுமார் 15 கிலோமீற்றர் போனால் கடுகண்ணாவை. அங்குள்ள தேசிய புகையிரத நூதனசாலை 2014 டிசம்பர் 27ஆம் திகதி திறக்கப்பட்டது. இலங்கையில் முதல் ரயில் ஓடி அன்றோடு 150 ஆண்டுகள். வருபவர்களில் பெரும்பாலானோர் பழைய எஞ்சின்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சரக்குப் பெட்டிகளை யாரும் தேடுவதில்லை. ஆனால் இந்த மலைப்பாதையே சரக்குக்காகப் போடப்பட்டதுதான்.

1858 ஆகஸ்ட் 3ஆம் திகதி ஆளுநர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டித் தொடக்கிவைத்தபோது, கண்டிக்கு ரயில் வேண்டும் என்று நெருக்கியவர்கள் கோப்பித் தோட்டத் துரைமார். மாட்டு வண்டியில் கொழும்புக்குப் போய்ச் சேர்வதற்குள் கோப்பிக் கொட்டை நனைந்து, களவு போய், விலையும் போய்விடும். 1864 இல் அம்பேபுஸ்ஸ வரை 54 கிலோமீற்றர் முடிந்தது. 1867 இல் ரயில் கண்டியை அடைந்தது. கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டதும் அதே ஆண்டுதான். இரண்டு ஆண்டில் கோப்பிச் செடியில் துரு நோய் கண்டது. கோப்பிக்காகப் போட்ட தண்டவாளம் பின்னர் தேயிலைப் பெட்டியைச் சுமந்தது. கடுகண்ணாவை ஏற்றத்தில் பாறை உடைத்தவர்களில் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட தமிழர் பெருந்தொகை. காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் இறந்தவர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை.

இந்தக் கட்டுரை உண்மையான சரக்குப் பெட்டிகளைப் பற்றியது மட்டுமல்ல. உள்ளங்கையில் அடங்கும் மொடல் சரக்குப் பெட்டிகளையும், அவை சந்தைக்கு வரும்வரை ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் மனிதர்களையும் பற்றியது. கட்டுகஸ்தோட்டையில் அப்படி ஒருவரைச் சந்தித்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர், பெயர் போட வேண்டாம் என்றார். மாஸ்ரர் என்றே எழுதுகிறேன். பிறந்தது காங்கேசன்துறையில், கண்டிக்கு வந்தது 1990 இடப்பெயர்வுக்குப் பிறகு.

அவருடைய வீட்டின் பின்னறையில் எட்டு அடி நீளம், இரண்டு அடி அகலத்தில் ஒரு பலகை. அதில் காங்கேசன்துறை ரயில் முற்றத்தின் ஒரு பகுதி எழும்பிக்கொண்டிருக்கிறது. மேடை முடிந்துவிட்டது. சீமெந்துத் தொழிற்சாலைப் பக்கம் திரும்பும் பக்கப்பாதையும் முடிந்துவிட்டது. பாதை மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது.

“அப்பா ஃபக்டரியில லோடிங்கில நின்றவர். பின்னேரம் வேகன் நிரப்பிப் போட்டு வரேக்க தலைமயிர், புருவம் எல்லாம் வெள்ளை. எஞ்சின் எனக்கு முக்கியமில்லை தம்பி, வேகன்தான் வேணும்.”

மொடல் ரயில் உலகத்துக்கு முதலில் தேவைப்படுவது அளவுக் கணக்கு. உலகில் அதிகம் புழங்குவது எச்.ஓ. எனப்படும் 1:87 அளவு. பிரித்தானியர் பயன்படுத்துவது ஓ.ஓ., அதாவது 1:76.2. இரண்டுக்கும் தண்டவாளம் ஒன்றே, 16.5 மில்லிமீற்றர் அகலம். சிறிய வீடுகளில் இருப்பவர்கள் என் அளவைத் தேடுவார்கள்: 1:160, தண்டவாளம் 9 மில்லிமீற்றர்.

இலங்கைக்காரருக்குச் சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது. நம் பாதை இந்தியாவைப் போல 5 அடி 6 அங்குலம், 1676 மில்லிமீற்றர். உலகத் தரப்பாதை 1435 தான். 1:76.2 இல் நம் பாதையைச் சரியாகச் சுருக்கினால் 22 மில்லிமீற்றர் வரும், 1:87 இல் 19.3. கடையில் கிடைப்பதோ 16.5. அகலப்பாதையில் ஓடிய பெட்டியை ஒடுங்கிய பாதையில் நிறுத்தினால், பெரிய ஆள் சின்னப்பிள்ளையின் சப்பாத்தைப் போட்டதுபோல் இருக்கும். அயர்லாந்தின் 5 அடி 3 அங்குலப் பாதையைச் செய்பவர்களுக்கும் இதே தொல்லைதான். அவர்களில் பிடிவாதக்காரர்கள் 21 மில்லிமீற்றரில் தாங்களே தண்டவாளம் கட்டிக்கொள்கிறார்கள். மாஸ்ரர் அந்தப் பிடிவாதத்தை விட்டுவிட்டார். பக்கத்திலிருந்து பார்த்தால் அகலம் தெரியாது என்பது அவர் வாதம்.

மலைநாட்டை அளவுக்குச் சுருக்குவது இன்னொரு வேடிக்கை. ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு சுமார் 20 கிலோமீற்றர், ஏற்றம் 400 மீற்றருக்கு மேல். 1:87 இல் முழுமையாகச் செய்தால் 230 மீற்றர் நீளமும் ஏறத்தாழ ஐந்து மீற்றர் உயரமும் வேண்டும். 44 அடிக்கு ஓர் அடி ஏறும் அந்தச் சாய்வில் நிஜ எஞ்சின்களே திணறின. அதற்காகவே 1927 இல் இரட்டை உடம்புள்ள காரட் நீராவி எஞ்சின் ஒன்று தருவிக்கப்பட்டது. 1945 இல் மேலும் எட்டு வந்தன. மொடலிலும் இதே சாய்வு வந்தால் பெட்டிகளின் எடை பிரச்சினையாகும். இலேசான பெட்டி வளைவில் தடம் புரளும், பாரமான பெட்டியை எஞ்சின் இழுக்காது. அமெரிக்காவில் 1935 இல் தொடங்கப்பட்ட தேசிய மொடல் ரயில் சங்கம் எச்.ஓ. பெட்டிகளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறது: அடிப்படையாக ஓர் அவுன்ஸ், பிறகு நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். ஏழு சென்ரிமீற்றர் பெட்டிக்கு அது சுமார் 67 கிராம். மாஸ்ரர் மீன்பிடி ஈயக்குண்டை நசுக்கிப் பெட்டிக்குள் ஒட்டுகிறார்.

இனி, ஏன் இத்தனை காத்திருப்பு?

கடையில் போய் வாங்கும் விளையாட்டுப் பொருள்போல இது வருவதில்லை. நிறுவனம் முதலில் அறிவிப்பு விடும்: இன்ன பெட்டி, இன்ன காலத்து வண்ணம், இன்ன இலக்கங்கள். பழைய பொறியியல் வரைபடங்களைத் தேடி, நூதனசாலைகளில் எஞ்சியிருக்கும் பெட்டிகளை அளந்து, கணினியில் வரைவார்கள். பிறகு முன்பதிவு. போதிய ஓர்டர் சேராவிட்டால் திட்டம் அங்கேயே நின்றுவிடும். சேர்ந்தால் உருக்கில் அச்சு வெட்டப்படும். செலவில் பெரிய பங்கு இந்த அச்சுக்குத்தான், பல பத்தாயிரம் டொலர். முதல் மாதிரி வரும், பிழை திருத்தப்படும். வண்ணம் பூசிய மாதிரி வரும், எழுத்துப்பிழை திருத்தப்படும். அதன் பிறகுதான் உற்பத்தி, கப்பல், கடை. ஓர் ஆண்டில் முடிந்தால் அதிர்ஷ்டம். மூன்று, நான்கு ஆண்டு இழுப்பதும் உண்டு.

நிறுவனங்கள் சரக்குப் பெட்டிகளை விரும்புவதற்குக் காரணம் அச்சுத்தான். ஒரே அச்சில் வார்த்த பெட்டிக்கு நிறத்தையும் இலக்கத்தையும் மாற்றினால் அடுத்த வெளியீடு தயார். எஞ்சின் ஒன்றிரண்டு போதும், சரக்கு ரயிலுக்கு இருபது பெட்டியாவது வேண்டும். வாங்குபவர் திரும்பத் திரும்ப வருவார்.

இவை பெரும்பாலும் தயாராவது சீனாவின் குவாங்டொங் பக்கத் தொழிற்சாலைகளில். பல மேற்கத்திய வணிகப் பெயர்கள் ஒரே தொழிற்சாலையை நம்பியிருப்பதால் அங்கே ஒன்று நடந்தால் எல்லாம் ஆடும். 1987 இல் அமெரிக்காவின் பாக்மன் நிறுவனத்தை வாங்கிய ஹொங்கொங்கின் கேடர் குழுமம், 2008 இல் சண்டா கான் என்ற பெரிய உற்பத்தியாளரையும் வாங்கியது. பின்னர் வாடிக்கையாளர் சிலரின் வேலையை அது கைவிட்டபோது, அவர்கள் புதிய தொழிற்சாலை தேடி அலைந்தார்கள். சீனப் புத்தாண்டுக்கு வாரக்கணக்கில் மூடல், கோவிட் காலக் கப்பல் நெருக்கடி, 2025 இல் சீனப் பொருட்களுக்கு அமெரிக்கா விதித்த மேலதிகத் தீர்வை. ஒவ்வொன்றும் நாளைத் தள்ளிப்போட்டது.

இதில் நம்மவர்களுக்கு ஒரு நெருங்கிய இடம் இருக்கிறது. ஈழத்தமிழர் செறிந்து வாழும் ரொறன்ரோவின் புறநகரான மார்க்கத்தில்தான் ரபிடோ ட்ரெயின்ஸ் என்ற மொடல் ரயில் நிறுவனம் இருக்கிறது. கனடிய ரயில்களில் அது பெயர் பெற்றது. கனடிய எஞ்சின் நமக்கும் அந்நியமல்ல. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா தந்த எம்2 டீசல் எஞ்சின்கள் ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று அந்நாட்டு மாகாணப் பெயர்களைத் தாங்கி நம் பாதைகளில் ஓடின. 1956 ஏப்ரலில் யாழ்தேவி தொடங்கியபோது அந்த டீசல் காலம் வந்துவிட்டிருந்தது.

இலங்கையின் நான்கு சில்லுச் சரக்குப் பெட்டிக்கு உலகச் சந்தை மிகச் சிறியது. அச்சு வெட்டும் செலவு அதில் திரும்பாது. ஆகவே மாஸ்ரர் செய்வது இதுதான்: எங்கள் பெட்டிகள் பிரித்தானியச் சாயலில் வந்தவை என்பதால், ஓ.ஓ. அளவில் வெளியாகும் நான்கு சில்லு மூடிய பெட்டிகளில் ஒத்தது எது என்று பார்த்திருப்பார். வெளியானதும் கனடாவிலுள்ள மகன் வாங்கி அனுப்புவார். கதவை மாற்றி, கபில நிறம் பூசி, சீ.ஜீ.ஆர். என்று எழுதுவார். இதுவரை மூன்று பெட்டிகள். ஒரு முறை முன்பதிவு செய்த பெட்டி இரண்டரை ஆண்டுக்குப் பிறகு கைவிடப்பட்டதாக ஒரு வரிக் கடிதம் வந்ததாம். 2022 இல் டொலர் சில வாரங்களில் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனபோது, பசையும் வண்ணமும் வாங்குவதைக்கூட நிறுத்தியிருக்கிறார்.

“விடுவிப்பு எண்டா எங்களுக்குத் தெரியாததே? வலிகாமம் வடக்கில காணி விடுவிக்கிறாங்கள், விடுவிக்கிறாங்கள் எண்டு எத்தனை வருசம் பேப்பர் பாத்தனாங்கள். இது சின்ன வேகன். வந்தால் வரட்டும்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

1990 ஜூனில் வடக்குக்கான ரயில் நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகின. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை அதே ஆண்டு மூடப்பட்டது. 1950 இல் உற்பத்தி தொடங்கிய ஆலை அது. இந்தியாவின் இர்கொன் நிறுவனம் பாதையைத் திரும்பப் போட்டு, ரயில் 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்ரோபர் 13 இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரி 2 இல் காங்கேசன்துறைக்கும் வந்தது. பயணிகள் ரயில் திரும்பியது. சீமெந்து ஏற்றிய நீள வரிசை திரும்பவில்லை. பழைய முற்றத்தின் படம் தேடுபவர்களுக்கும் அதிகம் கிடைப்பதில்லை. இடம்பெயர்ந்தவர்கள் அடையாள அட்டையையும் காணி உறுதியையும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள், படப்பெட்டியை யார் எடுத்தார்கள்?

அதனால் மாஸ்ரரின் ஆதாரங்களில் பாதி அவர் நினைவு. மீதிக்குக் கடுகண்ணாவைக்கு அளவுநாடாவோடு பஸ் ஏறுகிறார். பக்கப் பலகைகளின் எண்ணிக்கை, கதவின் கொக்கி, பிரேக் நெம்பு எந்தப் பக்கம் என்று பழைய கொப்பி ஒன்றில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். சிலவற்றுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் யாராவது வாசித்தால் அந்தக் கேள்விக்குறிகளைத் தீர்க்க உதவுவார்கள் என்று அவர் நம்புகிறார்: சீமெந்து மூடிய பெட்டிகளின் கதவு மட்டத்துக்கு ஏற்றுமேடை எத்தனை அடி உயரம், இரவு ஏற்றலுக்கு விளக்குக் கம்பம் எந்தப் பக்கம் நின்றது.

வீட்டில் முப்பரிமாண அச்சு இயந்திரம் உள்ள இளைஞர்கள் இன்று தொழிற்சாலையைக் காத்திருக்காமல் பெட்டியின் உடலைத் தாங்களே பிசினில் வார்த்துக்கொள்கிறார்கள். சில்லையும் அச்சாணியையும் மட்டும் வாங்கினால் போதும். கண்டியில் அப்படி ஒருவர் செய்து தர முன்வந்தாராம். வரைபடம் சரியாக இருந்தால்தானே அச்சும் சரியாக வரும் என்று மாஸ்ரர் இன்னும் கொடுக்கவில்லை.

நான் புறப்பட்டபோது மூன்று பெட்டிகளையும் பக்கப்பாதையில் நிறுத்தி, ஒன்றின் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே தரையில் வெள்ளைத் தூள் லேசாகத் தூவியிருந்தது. பிள்ளைகளுக்குப் பூசும் பவுடர் என்றார். நான்காவது பெட்டி அடுத்த ஆண்டு நடுப்பகுதியில் வெளியாகும் என்று மகன் சொல்லியிருக்கிறார்.