ஆதிமூலம், கே. எம்.

கே. எம். ஆதிமூலம் (1938–2008) தமிழகத்து நவீன ஓவியர். கறுப்பு மசிக் கோடுகளில் தொடங்கி, உருவமே இல்லாத வண்ணப் பரப்புகளுக்கு வந்து சேர்ந்தவர். பிறந்த ஊர் திருச்சிராப்பள்ளி மாவட்டம் துறையூரை அடுத்த கீராம்பூர். தமிழில் அரூப ஓவியம் பற்றிய பேச்சில் தவறாமல் இடம்பெறும் பெயர் இவருடையது. ஆனாலும் பெரும்பாலான தமிழர்கள் இவரை முதலில் கண்டது ஓவியக் கூடத்தில் அல்ல, பத்திரிகைப் பக்கத்தில்தான்.

சிற்பி எஸ். தனபாலின் அரவணைப்பில் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் சேர்ந்து, 1966இல் ஓவியப் பட்டயம் பெற்றார். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய அந்தக் கல்லூரிக்கு அப்போது கே. சி. எஸ். பணிக்கர் முதல்வர். ஐரோப்பிய நவீன ஓவியத்தை நகலெடுக்காமல் நவீனமாக இருப்பது எப்படி என்பதே வகுப்பறை முழுக்க நிறைந்திருந்த கேள்வி. கோயில் சிற்பம், நாட்டார் கலை, ஏட்டெழுத்து ஆகியவற்றில் ஓடும் கோட்டிலிருந்து புறப்படலாம் என்பது சென்னைக் கலைஞர்கள் பலர் கண்ட விடை. பணிக்கர் 1963 முதல் எழுத்தும் குறியீடும் நிறைந்த ஓவிய வரிசையை வரைந்துகொண்டிருந்தார். ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானதும் 1966இல்தான். ஆதிமூலம் இந்தச் சூழலின் பிள்ளை.

அவரைத் தனித்து நிறுத்திய வேலை 1969இல் வந்தது. காந்தி நூற்றாண்டை ஒட்டி, காந்தியின் வாழ்வின் வெவ்வேறு பருவங்களை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். ஒரே மனிதர், ஒரே கறுப்பு மசி, நூறு தாள்கள். சில படங்களில் முகம் அடர்ந்த கீறல்களுக்குள்ளிருந்து எழுகிறது. சிலவற்றில் நாலைந்து வளைவுகளே ஆளைச் சொல்லிவிடுகின்றன. எவ்வளவு கோட்டை நீக்கினாலும் உருவம் நிற்கும் என்பதை இந்த வரிசையில்தான் அவர் கைகள் கற்றிருக்க வேண்டும்.

அடுத்து வந்த மகாராஜாக்கள் வரிசை எதிர்த் திசையில் சென்றது. கிரீடமும் ஆரமும் மீசையுமாக அமர்ந்திருக்கும் அரசர்கள் குறுக்கும் நெடுக்குமான கோடுகளின் நெரிசலில் அரிக்கப்பட்டு நிற்கிறார்கள். இந்தியாவில் முன்னாள் அரசர்களுக்கு அரசு தந்துவந்த மன்னர் மானியம் 1971இல் ஒழிந்ததை நினைத்துக்கொண்டு பார்த்தால் இந்தப் படங்களின் கூர்மை இன்னும் தைக்கும். ஓவிய நோக்கில் இதைவிட முக்கியமான செய்தி வேறு. அரசனின் உடம்பு எங்கே முடிகிறது, வெறும் கோட்டுப் பரப்பு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத இடங்கள் இப்படங்களில் நிறைய உண்டு. கோட்டோவிய ஆதிமூலம் ஒருவர், அரூப ஆதிமூலம் வேறொருவர் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவது பொருந்தாது. அரூபம் அவரிடம் கறுப்பு மசியிலேயே தொடங்கிவிட்டது.

இதே ஆண்டுகளில் தமிழ்ச் சிறுபத்திரிகைகளும் இவரைத் தேடி வந்தன. 1970இல் தொடங்கிய ‘கசடதபற’ இதழுக்கு வரைந்தார். 1973இல் வெளிவந்த ஞானக்கூத்தனின் ‘அன்று வேறு கிழமை’ தொகுப்பு இவர் கோட்டோவியங்களோடு வந்தது. பிறகு ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ தொடருக்கு வரைந்த படங்கள் இலட்சக்கணக்கான கைகளுக்குப் போயின. கதையில் வரும் காட்சியை அப்படியே காட்டுவதுதான் பத்திரிகை ஓவியம் என்றிருந்த வழக்கத்தை இப்படங்கள் உடைத்தன. ஓவியத்தின் வழியே எழுத்தாளர்களோடு இவ்வளவு நெருங்கிப் பழகிய இன்னொருவரைத் தமிழில் காட்டுவது கடினம். நூல் அட்டைகளும் தலைப்பெழுத்துகளும் வரைந்தபோதும், இவற்றை வயிற்றுப்பாட்டு வேலையாக அவர் தாழ்த்திக் கருதியதில்லை என்பதற்கு அந்தக் கோடுகளே சாட்சி.

பிழைப்புக்கு அவர் பல ஆண்டுகள் இருந்த இடம் நெசவாளர் சேவை மையம். அங்கே துணி வடிவமைப்பில் நாள்தோறும் நிறங்களோடு புழங்கினார். எழுபதுகளில் அவர் எண்ணெய் வண்ணத்துக்குள் இறங்கியதில் அந்தப் புழக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டென்றே தோன்றுகிறது. இந்த ஓவியங்களில் ஆள் இல்லை, பொருள் இல்லை, கோடும் இல்லை. செம்மண் நிறமும் நீலமும் மஞ்சளும் திட்டுத்திட்டாக ஒன்றையொன்று நெருக்குகின்றன; மேல்படிவத்தின் இடுக்கில் அடிவண்ணம் எட்டிப் பார்க்கிறது. வெளி என்ற பெயரில் பலவற்றை வரைந்தார். இயற்கைதான் இவற்றின் ஊற்று. கோடை நிலத்தையும் மழைக்கு முந்தைய வானத்தையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்த நிறங்கள் அந்நியமாக இரா. டெல்லி, மும்பை, சென்னைத் தனிக்காட்சிகளில் இவை அவருக்கு இந்திய அளவில் இடம் பெற்றுத் தந்தன. 1962 முதல் 1996 வரையிலான கோட்டோவியங்கள் தனி நூலாகவும் தொகுக்கப்பட்டன.

மலேசியாவிலும் அறுபதுகள் அரூபத்தின் காலம். 1958இல் தேசியக் கலைக்கூடம் திறந்தது. 1967இல் சையத் அகமது ஜமால், லத்தீப் மொகிதீன், ஜோலி கோ, இப்ராகிம் ஹுசேன் உள்ளிட்ட எழுவர் ‘குருப்’ என்ற பெயரில் கோலாலம்பூரில் காட்சி வைத்தார்கள். இரு கரைக்கும் ஒரு பாலம் உண்டு: இராமநாதபுரம் அழகன்குளத்தில் 1943இல் பிறந்து பினாங்கில் வளர்ந்த ஓவியர் சையத் தாஜுதீன், ஆதிமூலம் படித்த அதே சென்னைக் கல்லூரியில் எழுபதுகளின் தொடக்கத்தில் படித்தவர். அவர் உருவத்தை விடவில்லை. ஆனால் அவருடைய வளைகோடுகளில் சென்னையின் பயிற்சி தெரிகிறது.

ஆதிமூலம் 2008 ஜனவரி 15 அன்று சென்னையில் காலமானார். மலேசியாவில் ரவாங், கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தமிழ் வீடுகளில் பழைய ஜூனியர் விகடன் இதழ்களோ கி. ராஜநாராயணனின் நூல்களோ இருந்தால், பழைய தாள் வாங்குபவரிடம் போடுமுன் படங்களைப் பாருங்கள். ஆதிமூலத்தின் கையெழுத்துள்ள பக்கங்களை எடுத்து வையுங்கள். பிள்ளைகளைக் கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்துக்கும் ஒருமுறை அழைத்துப் போங்கள். ரவாங்கிலிருந்து தலைநகருக்குக் கொமுட்டர் ரயில் இருக்கிறது.