சிபானி டால்பின்

பெங்களூருவின் சிபானி ஆட்டோமொபைல்ஸ் 1982 முதல் தயாரித்த இரு கதவுச் சிறிய கார். 1980களில் இந்தியக் கார் பந்தயங்களிலும் ராலிகளிலும் பெயர்பெற்றது. பிரிட்டனின் ரிலையன்ட் நிறுவனம் 1975இல் வெளியிட்ட கிட்டன் காரே இதன் மூலவடிவம்.

முன்புறத்தில் 848 கன செ.மீ. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் அலுமினிய எஞ்சின். எஞ்சினின் ஆற்றல் பின்சக்கரங்களுக்குச் செல்லும். இதன் பலம் கண்ணாடியிழை உடல். அது துருப்பிடிக்காது, எடையும் மிகக் குறைவு. அன்று பரவலாக ஓடிய பிரீமியர் பத்மினிக்கு 1089 கன செ.மீ. எஞ்சின் இருந்தும், கனத்த எஃகு உடலைச் சுமக்க வேண்டியிருந்தது. டால்பினோ விரைவில் வேகம் பிடித்தது. வளைவுகளில் எளிதாகத் திரும்பியது.

அக்காலத் தென்னிந்தியப் பந்தயங்களின் மையம் சென்னைக்கு அருகிலுள்ள சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமாக இருந்த அந்த இடத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. டால்பின் அங்கும் ஓடியது.

விற்பனையில் நிலைமை வேறு. 1983 டிசம்பரில் நான்கு கதவுகளுடன் வந்த மாருதி 800 சந்தையைக் கைப்பற்றியது. சிபானியும் பின்னர் மான்டனா என்ற நான்கு கதவு வடிவத்தை வெளியிட்டது; ஆனாலும் சரிந்த விற்பனை மீளவில்லை. வணிகத்தில் தோற்றாலும், குறைந்த எடையின் மதிப்பை இந்தியப் பந்தயக் களத்தில் நிறுவிய முன்னோடிகளுள் டால்பினும் ஒன்று.